தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலாந்து மாணவர் விசா: 28 நாள் பணமும் அப்பாவின் இரண்டு பெயரும்

மேல்டிவிசன் பிள்ளை
ஒக்டோபர் 19, 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். பேராதனையில் பட்டம் முடித்து இரண்டு வருடமாக ஹட்டனில் வேலை செய்கிறேன். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2026 ஜனவரியில் தொடங்குகிறது. கட்டணத்தில் பெரும்பகுதியைப் புலமைப்பரிசிலாகக் கழித்துவிட்டார்கள், மீதியை நான் கட்டிவிட்டேன். இனி வாழ்க்கைச் செலவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதியும் மற்றதும் சேர்த்து 13 லட்சம் அவர் கணக்கில் இருக்கிறது. அண்ணன் கட்டாரில் இருந்து 17 லட்சம் வரை தருவார். என் சேமிப்பு 4 லட்சம். மீதிக்கு மாமா உதவுகிறேன் என்கிறார், புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார், நாளுக்கு 1,350 ரூபாய். அதில் நான் கை வைக்கப் போவதில்லை.

என் கேள்விகள்:
மாமாவின் கணக்கை அப்படியே காட்டலாமா? என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் கருப்பையா, அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் கருப்பன். இது பிரச்சினையாகுமா? டவுனில் ஒரு முகவர், "ஒன்றும் யோசிக்க வேண்டாம், நாங்களே 28 நாளுக்கு உன் பெயரில் பணம் போட்டுத் தருகிறோம், கமிஷன் மட்டும் கொடு" என்கிறார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். உண்மையா?

கண்டி கவுண்டர்
ஒக்டோபர் 19, 2025, இரவு 10.25

தங்கச்சி, நான் வங்கியில் வேலை செய்கிறேன், மாணவர் விசாவுக்கான கணக்குக் கூற்றுகளை நிறையவே அடித்துக் கொடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. உங்கள் சொந்தக் கணக்கு, அல்லது பெற்றோரின், சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கு. இவைதான் செல்லும். மாமா, சித்தப்பா, கூடப்பிறந்த அண்ணன் யாருடைய கணக்கும் செல்லாது. எவ்வளவு பாசமான மாமா என்றாலும் படிவத்தில் அவருக்கு இடமில்லை.

அப்பா இன்னும் நிதியை எடுக்காமல் சேமலாப நிதிக் கணக்கிலேயே வைத்திருந்தால் அதுவும் செல்லாது. கையில் எடுக்கக்கூடிய காசாக இருக்க வேண்டும். நல்லவேளை, உங்கள் அப்பா எடுத்துவிட்டார். நகை, காணி எதுவும் கணக்கில் வராது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பிராவுக்குக் காணி உறுதி இல்லையே என்று கவலைப்படுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்த விசாவுக்கு உறுதி கேட்கவே மாட்டார்கள்.

தொகையைக் கவனியுங்கள். லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுணாக இருந்தது 2025 நவம்பர் 11 முதல் 1,171 ஆகிறது. லண்டனுக்குள் 1,529. ஒன்பது மாதக் கணக்கில் உங்களுக்கு 10,539 பவுண். பவுண் 400 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, அதனால் 43 லட்சத்துக்குக் கிட்ட வரும். அவர்கள் ஒவாண்டா இணையத்தளத்தின் மாற்று விகிதத்தைத்தான் பார்ப்பார்கள், நம் கவுண்டர் விகிதத்தை அல்ல. ரூபாய் கொஞ்சம் சறுக்கினாலும் தொகை குறைந்துவிடும். 46 லட்சம் வைத்திருங்கள்.

ராகலை 90
ஒக்டோபர் 20, 2025, காலை 7.05

முகவர் சொல்வது நடக்காத விஷயமில்லை. என் கூட்டாளி ஒருவன் அப்படித்தான் போனான், இப்போது அங்கே வேலையும் செய்கிறான். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 40, 50 லட்சம் எங்கிருந்து வரும்? நேர்வழியில் போகச் சொல்கிறவர்கள் வழியையும் காட்ட வேண்டும்.

இரண்டாம் தடவை
ஒக்டோபர் 20, 2025, காலை 8.50

ராகலை அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தங்கச்சி முடிவு எடுக்கும் முன் இதைப் படிக்கட்டும்.

பொய்யான பத்திரமோ பொய்யான தகவலோ கொடுத்ததாக முடிவானால் பத்து வருடத்துக்கு அந்த நாட்டு விசா கிடையாது. முகவருக்குத் தடை இல்லை, அவர் பெயர் எங்கும் இல்லை. கையெழுத்து நம்முடையது. 23 வயதுப் பிள்ளைக்குப் பத்து வருடம் என்றால் 33. அது மட்டுமல்ல, பிற நாட்டு விண்ணப்பங்களிலும் "முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா" என்று கேட்பார்கள், உண்மையைத்தான் எழுத வேண்டும்.

நான் பொய் எதுவும் கொடுக்கவில்லை, அப்படியும் மறுக்கப்பட்டேன். சொல்கிறேன். பணம் அப்பாவின் கணக்கில் இருந்தது. 28 நாளும் ஒரு நாள்கூடத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்குச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் என் தங்கச்சியின் சடங்கு மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்க 25,000 எடுத்தார். இரண்டு நாளில் திருப்பிப் போட்டும்விட்டார். நான் கணக்குக் கூற்றைக் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். மறுப்புக் கடிதத்தில் அந்தத் தேதியும் அந்த மீதியும் அப்படியே எழுதியிருந்தது. அப்பாவிடம் காட்டவே இல்லை. வேறு காரணம் சொன்னேன். அடுத்த தவணைக்கு மறுபடி விண்ணப்பித்தேன், விசாக் கட்டணமும் மறுபடி.

தங்கச்சி, பணம் போட்ட அன்றே அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையை வாங்கி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு வாரமும் கூற்றை எடுத்து வரிக்கு வரி பாருங்கள்.

பழைய ஆசிரியர்
ஒக்டோபர் 20, 2025, மாலை 4.15

மகள், கருப்பையா, கருப்பன் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் மலையகப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். உயர்தரத்துக்கு அனுமதி அட்டை வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. லெட்சுமி லச்சுமியாகி இருப்பாள், முருகையா முருகனாகி இருப்பார்.

இது நம் பெற்றோரின் கவலையீனம் அல்ல. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பெற்றோர் நேரே பதிவாளரிடம் போவதில்லை. தோட்ட ஆபிசுக்குச் சொல்வார்கள், அங்கிருந்து துரையின் அறிக்கையாகப் பதிவுக்குப் போகும். வாயால் சொன்ன தமிழ்ப் பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, இன்னொருவர் சிங்களத்தில் எழுதி, மூன்றாமவர் மறுபடி தமிழாக்கும்போது பெயர் மாறாமல் எப்படி இருக்கும்? செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் கங்காணி கூப்பிட்ட பெயர் இருக்கும், அதுவே சேமலாப நிதிக்கும் போகும். 1948இல் குடியுரிமை பறிபோன சனத்துக்கு ஒரு கடதாசியில் பெயர் வந்ததே பெரிய காரியமாக இருந்த காலம். எழுத்தைச் சரிபார்க்க யாருக்கு வாய் இருந்தது?

சரி, செய்ய வேண்டியது என்ன? இரண்டு வழி. நிலையான வழி, பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் பிறப்புப் பதிவைத் திருத்துவது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், தோட்டத்துக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். காலம் எடுக்கும். உடனடி வழி, கருப்பையாவும் கருப்பனும் ஒரே ஆள்தான் என்று அப்பா சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிப்பது. அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், மொழிபெயர்ப்பில் அவருடைய கையெழுத்தும் திகதியும் விபரமும் இருக்க வேண்டும்.

உங்கள் பெயர் எப்படி? பட்டச் சான்றிதழில் உள்ளதும் பாஸ்போர்ட்டில் உள்ளதும் ஒன்றுதானா?

மேல்டிவிசன் பிள்ளை
ஒக்டோபர் 20, 2025, இரவு 8.30

சேர், என் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான். தரம் 11இல் எங்கள் வகுப்பாசிரியர் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் பெயர்ப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்த அனுப்பினார். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று அவரை நினைத்துக்கொண்டேன். அப்பா பெயரை அப்போது யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை அண்ணா, எழுதியதற்கு நன்றி. முகவரிடம் இன்று போகவில்லை. இனிப் போகவும் மாட்டேன். ஆனால் ராகலை அண்ணா கேட்டது சரிதான், மாமாவின் பணத்தை எப்படி நேராகக் கொண்டுவருவது?

கண்டி கவுண்டர்
ஒக்டோபர் 20, 2025, இரவு 9.15

ஒரு நிமிடம். அப்பாவின் பெயரை ஏன் இந்த விண்ணப்பத்துக்குள் கொண்டுவர வேண்டும்? அப்பாவின் கணக்கைக் காட்டினால்தான் அவர் உங்கள் அப்பா என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் தேவை. பணம் முழுவதும் உங்கள் சொந்தக் கணக்கில் 28 நாள் இருந்தால் அந்தச் சங்கிலியே வேண்டாம்.

அப்பா தன் 13 லட்சத்தை உங்கள் கணக்குக்கு மாற்றட்டும். அண்ணன் கட்டாரில் இருந்து நேரே உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். மாமாவும் வங்கி மாற்றமாகவே போடட்டும், நோட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கவுண்டரில் கட்ட வேண்டாம். மாற்றமாக வந்தால் யார் அனுப்பினார் என்று கூற்றிலேயே பெயர் விழும். அதன்பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதி இன்ன தொகை அப்பாவின் ஓய்வுப் பணம், இது அண்ணனின் சம்பளச் சேமிப்பு, இது மாமா என் படிப்புக்குத் தந்தது. மாமாவிடம் ஒரு கடிதம், அண்ணனின் சம்பளச் சீட்டு, அப்பா நிதி எடுத்த கடிதம் எல்லாம் கையில் வைத்திருங்கள். திடீரென்று வந்த பெரிய தொகை கேள்வியைக் கிளப்பும், கேள்விக்கு உண்மையான பதில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

முகவர் போடும் பணத்துக்கும் மாமா தரும் பணத்துக்கும் வித்தியாசம் இதுதான், ராகலை அண்ணா. மாமாவின் காசு அந்தப் பிள்ளையோடு இங்கிலாந்துக்குப் போகும். முகவரின் காசு 29ஆம் நாள் திரும்பி முகவரிடமே போகும். பிள்ளை பிறகு எதை வைத்துச் சாப்பிடும்?

கடைசித் தொகை வந்த நாளில் இருந்துதான் 28 எண்ண வேண்டும். கூற்றின் கடைசித் திகதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. விசாக் கட்டணம் 524 பவுண், சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776. ஒரு வருட முதுமாணிக்கு விசா பதினாறு, பதினேழு மாதம் வருவதால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண். இவை அந்த 10,539க்கு வெளியே. 28 நாள் முடிந்து கூற்று எடுக்கும்வரை இந்தக் கணக்கில் இருந்து எடுத்துக் கட்டிவிடாதீர்கள்.

ராகலை 90
ஒக்டோபர் 20, 2025, இரவு 10.40

பத்து வருடத் தடை எனக்கு உண்மையிலேயே தெரியாது. என் தம்பி உயர்தரம் எழுதுகிறான், அவனுக்காகத்தான் இந்த இழையைப் பார்க்கிறேன். தங்கச்சி, முகவர் பற்றி நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

நுவரெலியாக் குளிர்
ஒக்டோபர் 21, 2025, அதிகாலை 2.10

நான் இப்போது இங்கிலாந்தில்தான் படிக்கிறேன், அதனால் நேர வித்தியாசம். யாரும் சொல்லாத ஒன்று: காசநோய்ப் பரிசோதனை. நம் நாட்டில் இருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் கட்டாயம், கொழும்பில் ஐ.ஓ.எம். (சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில் செய்ய வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். 28 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் சளி எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள், அதற்கு எட்டு வாரம் வரை போகும். ஜனவரிப் படிப்புக்கு எட்டு வாரம் என்றால் எல்லாம் முடிந்தது. நான் ஹட்டனில் இருந்து இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை கோட்டையில் இறங்கி, பொதுக் கழிவறையில் முகம் கழுவி, அப்படியே எக்ஸ்ரேக்குப் போனேன். பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம்.

காஸ் (CAS) என்கிற சேர்க்கை உறுதிப் பத்திரத்தைத் தருவதற்கு முன்னால் பல்கலைக்கழகமே வீடியோவில் நேர்காணல் வைக்கலாம், விசா அதிகாரியும் கூப்பிடலாம். ஏன் இந்தப் படிப்பு, என்ன பாடங்கள், பணம் எங்கிருந்து, முடித்து என்ன செய்வாய். இவ்வளவுதான். நான் தமிழ் மொழிமூலம் படித்தவள், ஆங்கிலம் திக்கும். முதலில் யாரோ எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் செய்தேன். "உலகத் தரம் வாய்ந்த ஆய்வுச் சூழல்" என்று தொடங்கி மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். நேர்காணல் செய்த அம்மா புன்னகைத்து, "உன் ஊரைப் பற்றிச் சொல்" என்றார். தோட்டத்து மருந்துக் காம்பிராவைப் பற்றி, பிரசவத்துக்கு லொறியில் கொண்டுபோன என் சித்தியைப் பற்றிச் சொன்னேன். சொல் தேடவே இல்லை. தங்கச்சி, நீங்களும் பொதுச் சுகாதாரம். உங்களுக்குச் சொல்ல அதைவிடக் கூட இருக்கும். லயத்தில் வளர்ந்ததை மறைத்து யாருடைய கதையையோ சொல்லாதீர்கள்.

வேலை பற்றி: படிப்பு முடிந்து தங்கும் பட்டதாரி விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பதினெட்டு மாதம். நீங்கள் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள். மாமாவுக்குப் பிறகு ஏதாவது திருப்பிக் கொடுக்க நினைத்தால் அந்தத் திட்டத்தை இதை வைத்துப் போடுங்கள்.

பழைய ஆசிரியர்
ஒக்டோபர் 21, 2025, காலை 6.30

ராகலைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் தம்பிக்கு இங்கிலாந்து மட்டும்தான் வழி என்று இல்லை. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்கள் உண்டு: நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயர்களில். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே இலங்கைக்குள் படிக்கத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், சீவெட் என்பார்கள், 1947இல் இருந்து இருக்கிறது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். முதுமாணிக்கு என்றால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் உண்டு, இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். கடனில்லாமல் போகும் வழியை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

பதுளைப் பையன்
ஒக்டோபர் 21, 2025, பகல் 12.20

அவுஸ்திரேலியாவுக்கு யோசிப்பவர்களுக்காக: அங்கே வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் காட்ட வேண்டும், விண்ணப்பக் கட்டணமே 2025 யூலையில் இருந்து 2,000 டொலர், மறுத்தால் திரும்பாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மேல்டிவிசன் பிள்ளை
நவம்பர் 25, 2025, இரவு 7.50

ஒரு மாதம் எழுதவில்லை, மன்னியுங்கள். ஒக்டோபர் 25இல் கடைசியாக மாமாவின் பணம் வந்தது. அட்டையை அம்மா அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார். எக்ஸ்ரே நல்லபடி முடிந்தது. நேற்று கூற்று எடுத்து, கடிதம் இணைத்து, கட்டணம் கட்டி விண்ணப்பித்துவிட்டேன். கைரேகைக்குக் கொழும்பில் டிசம்பர் 1 திங்கட்கிழமை நேரம்.

முகவரியில் லயத்து நம்பரையும் தோட்டத்துப் பெயரையும் அப்படியே எழுதினேன். மாமா தன் கடை விலாசத்தைப் போடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேல்டிவிசன் பிள்ளை
டிசம்பர் 2, 2025, காலை 11.15

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். டித்வா புயல் வந்த இரவு கீழ் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது, எல்லாரும் கோவிலில் படுத்தோம். பைலை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ரயில் பாதை போய்விட்டது, தோட்டத்துப் பாதையும் இல்லை. இரண்டு நாள் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் நேற்றைய நேரத்தைத் தவறவிட்டேன். 31 நாள் கணக்கு போய்விடுமா? யாராவது சொல்லுங்கள்.

கண்டி கவுண்டர்
டிசம்பர் 2, 2025, காலை 11.32

போகாது தங்கச்சி. விண்ணப்பத் திகதி என்பது நீங்கள் இணையத்தில் கட்டணம் கட்டி அனுப்பிய நாள். அது முடிந்துவிட்டது. கைரேகைக்கு வேறு நாள் எடுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பிந்தி வந்து சேரக் கடைசித் திகதி எது என்று கேட்டு வையுங்கள். முதலில் பாதுகாப்பாக இருங்கள்.

மேல்டிவிசன் பிள்ளை
டிசம்பர் 29, 2025, மாலை 5.05

விசா கிடைத்துவிட்டது. டிசம்பர் 8இல் கொழும்புக்குப் போனேன். சரிந்த மண்ணின் மேல் நடந்து, மற்றப் பக்கத்தில் முச்சக்கரவண்டி பிடித்து, பிறகு பஸ். சரியாக மூன்று வாரம், இன்று காலை மின்னஞ்சல்.

இப்போது மாணவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டுவதில்லை, எல்லாம் இணையத்தில் மின்விசா. அப்பாவுக்கு அது விளங்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை வெறுமையாக இருக்கவே, "எங்கம்மா?" என்றார். போனில் என் படத்தோடு இருந்த பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

மடுல்சீமை
டிசம்பர் 29, 2025, இரவு 8.45

வாழ்த்துகள் அக்கா. எங்கள் வீட்டில் பத்திரங்கள் எல்லாம் சேறாகிவிட்டன. நான் செப்டெம்பர் தவணைக்குப் பார்க்கிறேன். எங்கே தொடங்குவது?

மேல்டிவிசன் பிள்ளை
டிசம்பர் 29, 2025, இரவு 9.10

தம்பி, பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். சாதாரண தரம், உயர்தரச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பித்து எடுக்கலாம். பிரதி கைக்கு வந்ததும் உங்கள் பெயரையும் அப்பா, அம்மா பெயரையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் இங்கே எழுதுங்கள். செப்டெம்பர் வரை திருத்தவே காலம் இருக்கிறது. நான் ஜனவரி 16 வரை ஊரில்தான்.